கடல் மீனுக்குள் உருளைப்புழு: மீனுக்கு என்ன ஆனது என்று அறுத்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கடல் இல்லாத ஊரில் கடல் ஒட்டுண்ணியை வைத்து என்ன புராஜெக்ட் செய்வது என்று தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கடைக்குப் போய் நின்றால் போதும். "டேம் மீன் வேணுமா, கடல் மீன் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் தராசில் கை வைப்பார். கே.ஆர்.பி. அணையிலும் ஒகேனக்கல்லிலும் பிடித்த கெண்டையும் ஜிலேபியும் ஒரு பக்கம். ராத்திரியோடு ராத்திரியாக ஐஸ் பெட்டியில் வந்திறங்கிய கானாங்கெளுத்தி, சங்கரா, வாளை, மத்தி மறு பக்கம். அந்தக் கடல் மீனோடு அதன் வயிற்றுக்குள் குடியிருந்த உருளைப்புழுவும் வண்டியேறி வந்துவிடுகிறது.

மீனில் புழு என்றதுமே எல்லோரும் கேட்பது, சாப்பிட்டால் நமக்கு என்ன ஆகும் என்பதுதான். அதற்கான பதில் கீழே சுருக்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வழிகாட்டியின் கேள்வி வேறு: அந்த மீனுக்கு என்ன ஆயிற்று? ஒரு தராசு, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பொறுமை இருந்தால் அதில் பாதியையாவது மீனின் உடம்பிலேயே படிக்கலாம். மீதிப் பாதியைப் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஏமாறாமல் இருக்கவும் வழி சொல்கிறேன்.

அறுப்பதற்கு முன்: புழு எங்கிருந்து வருகிறது

அதிகம் பேசப்படுவது அனிசாகிஸ். வளர்ந்த புழு மீனில் வாழ்வதில்லை; திமிங்கலம், ஓங்கில் (டால்பின்) போன்ற கடல் பாலூட்டிகளின் இரைப்பையில் வாழ்கிறது. முட்டை அவற்றின் கழிவோடு கடலில் விழுகிறது. பொரிந்து வரும் லார்வாவைக் கூனி போன்ற சின்ன ஓட்டுயிரிகள் விழுங்குகின்றன. அவற்றை மீனும் கணவாயும் தின்கின்றன. மீனுக்குள் போன லார்வா குடல் சுவரைத் துளைத்து வெளியே வந்து, ஈரல் மேலோ குடலைச் சுற்றிய கொழுப்பிலோ சுருண்டு படுத்துவிடுகிறது. அந்த மீனை ஓங்கில் தின்றால் சுற்று முடிந்தது. பெரிய மீன் தின்றாலும் லார்வா சாவதில்லை, வீடு மாறி மறுபடியும் படுத்துக்கொள்கிறது. பெரிய மீனிலும் வயதான மீனிலும் புழு சேர்ந்துகொண்டே போவது இதனால்தான். இந்த ஒன்றை மறந்தால் பின்னால் கணக்கெல்லாம் தலைகீழாகிவிடும்.

குளிர்கடல் ஹெர்ரிங்கிலும் சால்மனிலும் பேர் வாங்கியது அனிசாகிஸ் சிம்ப்ளெக்ஸ். வெப்பக் கடல்களில் ஓங்கில்களை நம்பியிருப்பது அனிசாகிஸ் டிபிகா. இதே குடும்பத்தில் சீல் என்னும் கடல் பாலூட்டிகளை நம்பும் சூடோடெர்ரனோவாவும், சீலையோ மீன் தின்னும் பறவையையோ நம்பும் கான்ட்ரசீகமும் இருக்கின்றன. ஹிஸ்டெரோதைலேசியம் நெருங்கிய சொந்தம், ஆனால் மீனுக்குள்ளேயே வளர்ந்து முட்டையும் இட்டுவிடும். இவற்றோடு சேராத தனி வகை பிலோமெட்ரா. சினைப்பையில் சிவப்பாகக் கிடக்கும் அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதல் படி: மீன் வாங்குவது

ஒரே இனம், ஒரே பெட்டி, கிட்டத்தட்ட ஒரே நீளம். இருபது முப்பது மீன் வேண்டும். ஐந்து மீனை அறுத்துவிட்டு எதுவும் சொல்ல முடியாது. தொடங்குகிறவர்களுக்குக் கானாங்கெளுத்தி நல்லது: விலை கட்டுப்படியாகும், குடல் பெரிதாக இருக்கும், அறுத்த பிறகு குழம்புக்கும் ஆகும். வாளை கிடைத்தால் விடாதீர்கள். மற்ற மீனைத் தின்னும் மீன் என்பதால் லார்வா சேர வாய்ப்பு அதிகம்.

கடையில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் கத்தி போட்டுவிடுவார்கள்.

"அண்ணா, வயித்தக் கிழிக்காம அப்படியே முழுசா குடுங்க."

"முழுசாவா? வீட்ல யாரும்மா ஆயறது?"

"காலேஜுக்குண்ணா, பாக்கறதுக்கு."

எந்தத் துறைமுகத்து மீன், எப்போது ஐஸ் போட்டது என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். அவர் சொன்னதை "கடைக்காரர் சொன்னது" என்றே குறியுங்கள். இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மீன் செத்த பிறகு, குடலைச் சுற்றிக் கிடக்கும் லார்வாக்களில் சில வயிற்றுச் சதைக்குள் நகர்வது ஹெர்ரிங், மாக்கரெல் போன்ற இனங்களில் பதிவாகியிருக்கிறது. எல்லா இனத்திலும் அப்படி நடப்பதில்லை. ஆனால் கரையோரம் படகிலிருந்து இறங்கியதும் அறுப்பவருக்கு இல்லாத ஒரு குழப்பம் நமக்கு உண்டு: குடல் எடுக்காமல் ஒரு நாள், இரண்டு நாள் கடந்து வந்த மீனின் சதையில் கண்ட புழு, மீன் உயிரோடு இருந்தபோதே அங்கே இருந்ததா, வழியில் குடிபெயர்ந்ததா?

இரண்டாம் படி: கருவிகள், வெளித்தோற்றம், எடை

வெள்ளை எனாமல் தட்டு ஒன்று, கறுப்புத் தட்டு ஒன்று. வெள்ளைப் புழு கறுப்பில் தெரியும், சிவப்புப் புழு வெள்ளையில் தெரியும். கத்தரிக்கோல், இரண்டு இடுக்கி, கை லென்ஸ், அளவுகோல், கிராம் சுத்தமாகக் காட்டும் தராசு, கையுறை. ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் புழுவை வெறும் குழாய்த் தண்ணீரில் போடக் கூடாது. சில வகை ஊறி வெடித்துவிடும்.

அறுக்கும் முன் நீளமும் எடையும் குறிக்க வேண்டும். பிறகு ஆசனவாயைப் பாருங்கள். 2000களின் நடுவில் பிரிட்டனின் ஆறுகளுக்குத் திரும்பிய அட்லாண்டிக் சால்மன்களில் அந்த இடம் வீங்கிச் சிவந்து ரத்தம் கசிந்தது. உள்ளே அனிசாகிஸ் லார்வாக்கள் குவிந்திருந்தன. வெளியிலிருந்தே தெரியும் அறிகுறிகள் குறைவு, இது அவற்றில் ஒன்று. செவுளையும் தூக்கிப் பாருங்கள். அங்கே கால்களோடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருப்பது புழு அல்ல, ஐசோபாட் என்னும் ஓட்டுயிரி. அதையும் எண்ணி வேறு பத்தியில் எழுதுங்கள், ஏனென்றால் மீன் மெலிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் படி: திறப்பது

ஆசனவாயில் கத்தரிக்கோலின் மழுங்கிய நுனியை நுழைத்து, தாடை வரை வயிற்றை மேலோட்டமாக வெட்டுங்கள். ஆழமாகப் போனால் குடல் கிழிந்து எல்லாம் கலந்துவிடும். ஒரு பக்கச் சுவரை மடித்துத் தள்ளிவிட்டு, எதையும் தொடாமல் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். அவசரப்படுகிறவர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

ஈரலின் ஓரத்தில், மெல்லிய சவ்வுக்கு அடியில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் ஒன்று தெரியலாம். லென்ஸ் வைத்தால் அது கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரே தளத்தில் தட்டையாகச் சுற்றியிருக்கும். இடுக்கி நுனியால் சவ்வைக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டால், சில நிமிடங்களில் சுருள் அவிழத் தொடங்கும். நீட்டினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர். இத்தனை மணி நேரம் ஐஸில் கிடந்தும் நெளிகிறதே என்று பிள்ளைகள் கையை இழுத்துக்கொள்வார்கள். ஐஸ் குளிர்ச்சி அதைக் கொல்லாது, அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

பிறகு ஈரல், இரைப்பை, குடல், சினை, காற்றுப்பை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். ஈரலை மட்டும் தனியாக எடை போட வேண்டும். குடலை நீளவாக்கில் கிழித்து உள்சுவரைக் கழுவிப் பாருங்கள். கடைசியாக வயிற்றுச் சதையை மெல்லிய துண்டுகளாக்கி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் அழுத்தி, அடியிலிருந்து விளக்கு அடித்துப் பாருங்கள். இன்னொரு வழியும் உண்டு. உறைய வைத்த சதையை அழுத்தித் தட்டையாக்கி இருட்டில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு காட்டினால், செத்த அனிசாகிஸ் லார்வா ஒளிரும். அந்த விளக்கை நேராகக் கண்ணில் காட்டிக்கொள்ளாதீர்கள்.

புழு மாதிரி இருந்து ஏமாற்றுபவை

கானாங்கெளுத்தியில் இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில், மெல்லிய வெளிறிய குழல்கள் கொத்தாகத் தொங்கும். வீட்டில் மீன் ஆய்பவர்கள் பலர் "ஐயோ, ஒரே புழு" என்று மீனையே தூக்கி எறிவது இதைப் பார்த்துத்தான். அது மீனின் சொந்த உறுப்பு, செரிமானத்துக்கான குடல் பிதுக்கங்கள். ஒரு முனை குடலோடு ஒட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். ஒட்டியிருந்தால் புழு இல்லை.

நாடாப்புழுவின் லார்வா வெள்ளையாக, தட்டையாக, சிறு பை போன்ற உறைக்குள் இருக்கும். முள்தலைப் புழுவின் தலையில் கொக்கிகள் வரிசையாக இருக்கும். உருளைப்புழுவுக்கு உடம்பு வழவழப்பு, இரு முனையும் கூர்மை, உடலில் கண்டங்கள் கிடையாது.

நான்காம் படி: உறுப்பு உறுப்பாகச் சேதத்தைப் படிப்பது

புழு இருக்கிறது என்பதும் புழு கெடுத்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. புழு உட்கார்ந்த இடத்தைச் சுற்றி மீனின் உடம்பு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும்.

மீனின் முதல் பதில் சிறை வைப்பது. லார்வாவைச் சுற்றி வெள்ளணுக்கள் கூடி, பிறகு நார்த்திசு சுவர் எழுப்பும். சில மீன்களில் அந்த உறை நாளாக ஆகப் பழுப்பாகவும் கறுப்பாகவும் மாறும். கெட்டியான உறைக்குள் புழு இருந்தால், மீன் உயிரோடு இருந்தபோதே அது வந்து தங்கிவிட்டது என்று அர்த்தம். வயிற்றுச் சதையில் உறையே இல்லாமல், சுற்றிலும் எந்த மாற்றமும் இல்லாமல் கிடந்தால், செத்த பிறகு நகர்ந்ததாக இருக்கலாம். ஐஸ் மீனை வைத்து வேலை செய்யும் நமக்கு இந்த வேறுபாடு மற்ற எதையும்விட முக்கியம்.

ஈரலில் ஒன்றிரண்டு லார்வா இருந்தால் மீன் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. கூட்டமாகச் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. உறைகள் ஈரல் திசுவை அழுத்துகின்றன, அழுத்தப்பட்ட செல்கள் சுருங்கிச் சாகின்றன, ஈரலில் சேரும் கொழுப்பு குறைகிறது. காட் போன்ற மீன்களுக்கு ஈரல்தான் எரிபொருள் கிடங்கு. பால்டிக் கடலில் சாம்பல் சீல்கள் மறுபடி பெருகிய பிறகு, காட் மீன் ஈரல்களில் கான்ட்ரசீகம் லார்வாவும் பெருகியது. ஈரலில் புழு அதிகமான மீன்கள் மெலிந்தும் காணப்பட்டன. அதே ஆண்டுகளில் அந்தக் கடலின் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது, இரையும் சரியாகக் கிடைக்கவில்லை. பழியை எப்படிப் பங்கு போடுவது என்ற விவாதம் இதனால்தான் வருகிறது. எளிதில் முடிகிற விவாதமல்ல.

குடலுக்குள் வாழும் கமல்லானஸ் வகைப் புழுக்கள் கெட்டியான வாயால் குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கும். சிவப்பாகத் தெரிவது அதனால்தான். கவ்விய இடத்தில் சிறு புண்ணும் வீக்கமும் லென்ஸிலேயே தெரியும். எண்ணிக்கை கூடினால் ரத்தசோகை. செவுள் வெளிறியிருந்தால் அதுவா என்று யோசிக்கலாம், ஆனால் ஐஸ் தண்ணீரில் ஊறிய செவுளும் வெளிறும். ஆகவே நம் ஊர்ச் சந்தை மீனின் செவுள் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சினைப்பை பிலோமெட்ராவின் இடம். களவா, சங்கரா இனங்களில் பல கடல்களிலிருந்தும் இது பதிவாகியிருக்கிறது. பெண் புழு நீளமாக, அடர் சிவப்பாக, முட்டைகளுக்கு நடுவே மடங்கி மடங்கிக் கிடக்கும். ஆணோ கண்ணுக்குத் தப்பும் அளவு சின்னது. பெண் புழு ரத்தம் குடித்து வளர்ந்து, உடம்பு முழுக்க லார்வாக்களால் நிரம்புகிறது. மீன் முட்டையிடும்போது அதுவும் வெளியேறி, கடல் தண்ணீர் பட்டதும் வெடித்து லார்வாக்களைக் கொட்டுகிறது. அதுவரை சினைப்பையில் ரத்தக் கசிவு, முட்டைகள் வளராமல் கரைவது, நார்த்திசு பெருகுவது எல்லாம் நடக்கலாம். மீன் சாவதில்லை, சந்தையில் கொழுகொழுவென்றுதான் இருக்கும், ஆனால் அதன் வம்சம் குறைந்துபோகிறது. என்னைக் கேட்டால் கடல் மீன் உருளைப்புழுக்களிலேயே மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். மனிதருக்கு ஒன்றும் செய்யாததால் அனிசாகிஸ் வாங்கிய பேரில் கால்வாசிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

காற்றுப்பையைப் பலர் திறப்பதே இல்லை. திறக்க வேண்டும் என்பதற்கு விலாங்கு சாட்சி. ஆங்குவில்லிகோலா கிராசஸ் கிழக்கு ஆசியாவின் ஜப்பானிய விலாங்கில் வாழும் புழு. அந்த விலாங்குக்கு இது பெரிய தொந்தரவு இல்லை, நெடுங்காலப் பழக்கம். 1980களின் தொடக்கத்தில் மீன் வணிகத்தோடு ஐரோப்பாவுக்குப் போனது. ஐரோப்பிய விலாங்கின் காற்றுப்பைச் சுவரில் ரத்தம் குடித்து, சுவர் தடித்துச் சுருங்கும்படி செய்துவிட்டது. அந்த மீனோ முட்டையிட சர்காசோ கடல் வரைக்கும் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீந்தியாக வேண்டும். பழகிய விருந்தோம்பியிடம் (புழு குடியிருக்கும் உயிரிடம்) அடங்கியிருக்கும் புழு, புது விருந்தோம்பியிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: எந்தப் புழு என்று பிரிப்பது

புழுவை நேராக நிறுத்திச் சாகடிக்க 70 சதவீத ஆல்கஹாலைச் சூடாக்க வேண்டும். அடுப்பில் நேரடியாக வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தினால் போதும். பிறகு கிளிசரினில் ஊற வைத்தால் உடம்பு கண்ணாடி போலத் தெளிந்துவிடும்.

நுண்ணோக்கியில் மூன்று இடங்களைப் பாருங்கள். உணவுக்குழலும் குடலும் சேரும் இடத்தில் முன்னோக்கியோ பின்னோக்கியோ கிளை போகிறதா? இரண்டுமே இல்லாமல், நடுவில் ஒரு தடித்த பகுதி மட்டும் இருந்தால் அனிசாகிஸ். குடலிலிருந்து முன்னோக்கி மட்டும் கிளை இருந்தால் சூடோடெர்ரனோவாவும் அதன் உறவுகளும். இரண்டு பக்கமும் கிளை இருந்தால் கான்ட்ரசீகம் அல்லது ஹிஸ்டெரோதைலேசியம். இந்த இரண்டையும் கழிவுத் துளையை வைத்துப் பிரிக்கலாம்: தலை நுனியில் உதட்டருகே இருந்தால் முன்னது, கொஞ்சம் கீழே நரம்பு வளையத்தின் பக்கம் இருந்தால் பின்னது. இதற்கு மேல் இனப் பெயர் வேண்டுமென்றால் டிஎன்ஏ பார்க்க வேண்டும். அது இல்லாமல் லார்வாவுக்கு இனப் பெயர் எழுதுகிற அறிக்கையை நான் நம்புவதில்லை. "அனிசாகிஸ் வகை" என்று எழுதி நிறுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆறாம் படி: கணக்கு

மீன் மெலிந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்லக் கூடாது. குடல் நீக்கிய எடையைக் கிராமில் எடுத்து, 100ஆல் பெருக்கி, சென்டிமீட்டர் நீளத்தின் மும்மடியால் வகுங்கள். 20 சென்டிமீட்டர் மீன் 84 கிராம் என்றால் 1.05, அதே நீளத்தில் 76 கிராம் என்றால் 0.95. குடலோடு எடை போட்டால் தின்ற இரையும் முற்றிய சினையும் மெலிந்த மீனைக் கொழுத்ததாகக் காட்டும். ஈரல் எடையை உடல் எடையால் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஈரல் விகிதம் கிடைக்கும்.

புழுக் கணக்குக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 20 மீன் அறுத்தீர்கள். 12 மீனில் ஒன்றுமில்லை. 7 மீனில் சேர்த்து 12 புழு. மிச்சமிருந்த ஒரே மீனில் 40. தொற்று விகிதம் 40 சதவீதம். தொற்றிய மீனுக்குச் சராசரி 6.5 புழு. ஆனால் ஆறோ ஏழோ புழு இருந்த மீன் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. ஒட்டுண்ணிகள் எப்போதும் இப்படித்தான், சில மீன்களிலேயே குவிந்து கிடக்கும். சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொரு மீனின் எண்ணிக்கையையும் அட்டவணையில் கொடுங்கள்.

இரண்டு பொறிகள். பெரிய மீனில் புழு அதிகம் என்பதால், எல்லா அளவு மீனையும் கலந்து பார்த்தால் புழு உள்ள மீனே நல்ல எடையாகத் தெரியும். ஒரே நீள மீன்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, புழுவால் வலுவிழந்து செத்ததும் வேறு மீனுக்கு இரையானதும் நம் ஐஸ் பெட்டிக்கு வருவதில்லை. சந்தையில் "புழுவால் பாதிப்பில்லை" என்று முடிவு வந்தால், பிழைத்து வந்த மீன்களில் பாதிப்பு தெரியவில்லை என்று மட்டுமே அதைப் படிக்க வேண்டும். குஞ்சு மீனுக்கு ஒரே புழு போதும், ஆனால் குஞ்சு மீனை யாரும் தருமபுரிக்கு ஏற்றி அனுப்புவதில்லை.

சமையலறைக்குச் சுருக்கமாக

கொதிக்கும் குழம்பில் வெந்த மீனில் புழு உயிரோடு இருக்காது. மீன் துண்டின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் இருந்தாலே போதும். கவனிக்க வேண்டியது தடிமனான வறுவல்: முள் ஓரத்துச் சதை இன்னும் கண்ணாடி மாதிரி மினுங்கினால் திரும்பக் கல்லில் போடுங்கள். எலுமிச்சை, வினிகர், மிளகாய், மஞ்சள் எதுவும் கொல்லாது. பச்சையாகச் சாப்பிடும் உணவுக்கு முன்பே மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உயிரோடு உள்ளே போன லார்வா நம் இரைப்பைச் சுவரையோ குடல் சுவரையோ துளைத்தால் கடும் வயிற்று வலியும் வாந்தியும் வரும்; நெதர்லாந்தில் ஹெர்ரிங்கைப் பச்சையாகத் தின்றவர்களிடம் 1960இல் இந்த நோய் கண்டறியப்பட்ட பிறகுதான் உறைய வைக்கும் விதிகள் வந்தன. அனிசாகிஸின் ஒவ்வாமைப் புரதங்களில் சில சூட்டுக்கும் அசையாதவை. மீன் சாப்பிட்டால் தடிப்பு, மூச்சிரைப்பு வருகிறவர்கள் இந்த அறுப்பு வேலையைத் தொடாமல், மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

கடைசியாகக் கழிவும் குப்பியும்

அறுத்த குடலைப் பச்சையாக நாய்க்கோ பூனைக்கோ போட வேண்டாம். பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவர்கள் கடல் மீன் கழிவை வேக வைக்காமல் தீவனமாகப் போடக் கூடாது. கூண்டில் வளர்க்கும் கடல் மீன்களுக்கு இந்தப் புழுக்கள் சேர்ந்த வழிகளில் ஒன்று பச்சை மீன் தீவனம். டேம் மீனிலும் உருளைப்புழு உண்டு, நீர்க்காகமும் நாரையும் சுமக்கும் வகைகள். அதைக் கடல் மீன் அட்டவணையில் கலந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு குப்பிக்குள்ளும் பென்சிலால் எழுதிய சீட்டைப் போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மீன் பெயர், நீளம், எடை, வாங்கிய தேதி, கடைக்காரர் சொன்ன துறைமுகம், புழு இருந்த உறுப்பு, உறை இருந்ததா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத சீட்டோடு வரும் குப்பியை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.